விலக்கப்பட்ட மனைவியரும் விவிலியப் பொருள்கோளும்: மறவர் நாட்டின் 1693ஆம் ஆண்டு நிகழ்வை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சமயநூலின் ஒரு பகுதியை வாழ்வில் கடைப்பிடிக்கும் முன் அதன் பொருளை முறையாகத் தெளிதல் வேண்டும் என்பது பல உரை மரபுகளும் ஏற்கும் நெறியாகும். அந்நெறி தளரும்போது அதன் சுமை யார்மீது விழுகிறது என்பதை வரலாற்றுச் சான்றுகொண்டு காண இக்கட்டுரை முயல்கிறது. 1693இல் மறவர் நாட்டில் சிறுவல்லித் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்றபோது ஒரு மனைவியைத் தவிர ஏனையோரை விலக்கினார். அச்செயலே அருளானந்தர் எனப்படும் ஜான் டி பிரிட்டோ கொல்லப்படுவதற்கு உடனடிக் காரணமாயிற்று. அச்செயலுக்குப் பின்புலமாக நின்ற மத்தேயு 19ஆம் அதிகாரப் பகுதி மனைவியை விலக்குவதைத் தடுக்கும் பகுதியாகவும் அமைந்திருப்பது ஆய்வுக்குரிய முரண். அப்பகுதியின் ஒரு கூறு நடைமுறைக்கு வந்ததும் மற்றொரு கூறு நெடுங்காலம் கவனம் பெறாமல் இருந்ததும் நன்னூல் வகுக்கும் உரைக் கூறுகளின் துணைகொண்டு இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்

மறவர் நாடு, அருளானந்தர், தடியத்தேவர், கிழவன் சேதுபதி, விவிலியப் பொருள்கோள், நன்னூல் உரைமரபு, பலதார மணம்.

முன்னுரை

காரைக்குடி, தேவகோட்டை முதலிய ஊர்களை உள்ளடக்கிய செட்டிநாட்டுப் பகுதி நகரத்தாரின் வணிகத்தாலும் மாளிகைகளாலும் அறியப்படுவது. இன்றைய சிவகங்கை மாவட்டம் 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்விரு மாவட்டங்களின் பெரும்பகுதியும் சேதுபதிகளின் ஆட்சிக்குட்பட்ட மறவர் நாடாக விளங்கிற்று. இந்நிலப்பகுதியின் கிறித்தவ நினைவில் முதலிடம் பெறுவது ஓரியூர். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் அவ்வூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அங்குள்ள செம்மண்ணை இன்றும் அடியார்கள் எடுத்துச் செல்கின்றனர். அவர் 1947இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். தேவகோட்டையில் அவர் பெயரால் பள்ளி ஒன்றும் இயங்கி வருகிறது.

அருளானந்தரின் இறப்பு மறைசாட்சியர் வரலாறாகவும் சேதுபதிகளின் அரசியல் வரலாற்றுக் கூறாகவும் விரிவாக எழுதப்பட்டுள்ளது. அவ்வெழுத்துகளில் தடியத்தேவரின் மனைவியர் நிகழ்வை முன்னகர்த்தும் காரணமாக மட்டுமே வந்து மறைகின்றனர். நூற்பொருளை வாழ்க்கைக்குப் பொருத்திய ஒரு முடிவால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்கள் அவர்கள். அம்முடிவு எவ்வகையான பொருள்கோளின்மேல் நின்றது என்பதே இக்கட்டுரையின் வினா. அருளானந்தரின் நேர்மையையோ அவர் ஏற்ற இறப்பின் பெருமையையோ ஐயுறுவது இதன் நோக்கமன்று.

நிகழ்வின் பின்புலம்

1647இல் லிஸ்பன் நகரில் பிறந்த ஜான் டி பிரிட்டோ இயேசு சபையின் மதுரை மறைப்பணித்தளத்தைச் சார்ந்தவர். அத்தளத்தை 1606இல் தொடங்கிய ராபர்ட் டி நோபிலியின் வழியைப் பின்பற்றித் தமிழ்த் துறவியின் உடையையும் உணவு நெறியையும் மேற்கொண்டார். 1686இல் மறவர் நாட்டில் கைதாகி வதையுண்டு, மீண்டும் போதிக்கக்கூடாது என்னும் ஆணையோடு விடுவிக்கப்பட்டார். பின்னர் ஐரோப்பா சென்று திரும்பி, ஆணையை மீறி மறவர் நாட்டில் பணியைத் தொடர்ந்தார்.

அக்காலத்தில் ஆண்டவர் கிழவன் சேதுபதி எனப்படும் இரகுநாத சேதுபதி. சிறுவல்லியின் தலைவரான தடியத்தேவர் சேதுபதிப் பட்டத்துக்கு உரிமை கோரத்தக்க குடும்பத்தவர். நோயுற்றிருந்த அவர் உபதேசியார் ஒருவர் நற்செய்திப் பகுதியை வாசித்து மன்றாடியதால் நலம் பெற்றார் என்று இயேசு சபை மரபு கூறுகிறது. அவர் திருமுழுக்குக் கேட்டபோது அருளானந்தர் உடனே இசையவில்லை. பல மனைவியரோடு வாழும் நிலை அதற்குத் தடையெனக் கூறினார். ஒருத்தியைத் தவிர ஏனையோரை விலக்கத் தடியத்தேவர் உடன்பட்டபின் 1693 ஜனவரி 6 அன்று, திருக்காட்சித் திருநாளில், அவருக்குத் திருமுழுக்கு வழங்கப்பட்டது.

விலக்கப்பட்டோருள் இளையவள் சேதுபதியின் உறவினள். அவள் அரண்மனையில் முறையிட்டாள். இரு நாள்களில், ஜனவரி 8 அன்று, அருளானந்தர் கைதானார். இராமநாதபுரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பின்னர் ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். பட்டத்துக்கு உரிமையுடைய ஒருவர் புதிய சமயக் குழுவோடு இணைவதைச் சேதுபதி அரசியல் அச்சத்தோடு நோக்கியிருக்க வாய்ப்புண்டு. ஆயினும் அவ்வச்சத்துக்குச் செயல்வடிவம் தந்தது ஒரு மனைவியின் முறையீடு.

அம்முறையீட்டின் கனத்தை உணர அரச குடும்பத் திருமணத்தின் தன்மையை நோக்குதல் வேண்டும். பாளையத் தலைவர்களுக்கிடையே திருமணம் உறவு, உடன்படிக்கை, நம்பிக்கை ஆகியவற்றின் அடையாளமாக இருந்தது. மனைவியை விலக்குதல் அவளுடைய பிறந்த வீட்டையே இழிவுபடுத்துவதாகும். அரச மகளிர் கணவனோடு எத்துணை இறுகப் பிணைக்கப்பட்டிருந்தனர் என்பதற்கு 1710இல் நிகழ்ந்த கிழவன் சேதுபதியின் இறப்பு கொடிய சான்று. அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினர் என்று இயேசு சபையார் கடிதம் பதிவு செய்கிறது. கணவனுக்கு வெளியே தனித்த வாழ்வு ஏதும் வகுக்கப்படாத சூழலில் விலக்கப்பட்ட பெண்ணுக்கு எஞ்சுவது என்ன என்னும் வினாவை இச்செய்தி எழுப்புகிறது.

நூல் வந்தடைந்த வழி

1693இல் தமிழில் அச்சிட்ட விவிலியம் இல்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் முதலியன மறைக்கல்வி நூல்கள். சீகன்பால்கு மொழிபெயர்த்த நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் தரங்கம்பாடியில் 1714இல் அச்சேறின. புதிய ஏற்பாடு 1715இல் நிறைவுற்றது. எனவே தடியத்தேவருக்கு விவிலியம் பக்கம் புரட்டிப் பார்க்கத்தக்க நூலாகக் கிடைக்கவில்லை. உபதேசியாரின் வாய்மொழியாகவும் குருவின் கட்டளையாகவும் கிடைத்தது.

இதனால் அவரிடம் விவிலியம் இரு வடிவங்களில் வந்து சேர்ந்தது எனலாம். முதலாவது நோய் தீர்க்கும் வாசகம். அங்கே ஒலிக்கும் நம்பிக்கைக்குமே முதன்மை. இரண்டாவது இல்லற ஒழுங்கு பற்றிய கட்டளை. அங்கே கீழ்ப்படிதலே முதன்மை. ஒரு பகுதியின் முன்னும் பின்னும் உள்ளவற்றைப் பார்த்து, யாரிடம் எதற்காகச் சொல்லப்பட்டது என வினவும் வாய்ப்பு கேட்போர்க்கு இவ்விரண்டிலும் குறைவு. அந்நிலையில் பொருள்கோளின் முழுப் பொறுப்பும் எடுத்துரைப்பவரையும் அவர் சார்ந்த சட்ட மரபையும் சேர்கிறது. விலக்கப்படும் மனைவியருக்கோ கேட்போர் என்னும் இடம்கூட இருந்ததாகச் சொல்வதற்கில்லை.

உரைமரபு தரும் அளவுகோல்

விவிலியப் பொருள்கோளை மதிப்பிட மேலைநாட்டுக் கோட்பாடுகளை மட்டுமே நாட வேண்டியதில்லை. ஒரு நூற்பகுதியை எவ்வாறு அணுகுதல் வேண்டும் என்பதற்குத் தமிழ் உரைமரபு தெளிவான அளவுகோல்களை வகுத்துள்ளது. 13ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் பவணந்தியாரின் நன்னூல் தன் பொதுப்பாயிரத்தில் உரைக்குரிய 14 கூறுகளைத் தொகுக்கிறது. மூலபாடத்தை வரையறுக்கும் பாடம் அவற்றுள் முதலில் வைக்கப்படுகிறது. கருத்து, சொற்பொருள், உதாரணம் முதலியன அதனைத் தொடர்கின்றன. ஐயத்தை எழுப்பித் தீர்க்கும் வினா, விடை ஆகியன இடையில் அமைகின்றன. பகுதியை அது நிற்கும் இடத்தோடு இயைத்துக் காணும் அதிகாரமும் ஐயுற்றவிடத்துப் பொருளை உறுதிசெய்யும் துணிவும் அதன்பின் வருகின்றன. பயன் இவ்விரண்டுக்கும் பின்னரே நிற்கிறது.

இவ்வரிசைக்கு யாப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். பயன் என்பதை இன்று கூறப்படும் வாழ்க்கைப் பயன்பாட்டோடு முற்றிலும் ஒன்றாகக் கொள்வதும் பொருந்தாது. எனினும் பாடம், அதிகாரம், வினா-விடை, துணிவு, பயன் என்னும் ஐந்தும் ஒரு பகுதி முறையாக ஆராயப்பட்டதா என்பதைச் சோதிக்க ஏற்ற கருவிகள். சமயச் சார்பின்றி இலக்கணக் கல்வியின் பொதுச் சொத்தாக அவை இருப்பதும் கருதத்தக்கது.

பாடமும் அதிகாரமும்

ஒருவனுக்கு ஒருத்தி என்னும் கத்தோலிக்கத் திருமண ஒழுங்கைத் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் தன் 24ஆம் அமர்வில் உறுதிப்படுத்திற்று. அதன் முன்னுரை தொடக்கநூல் 2ஆம் அதிகாரத்தையும் அதனை இயேசு எடுத்தாளும் மத்தேயு 19ஆம் அதிகாரப் பகுதியையும் சார்ந்து நிற்கிறது. எனவே மறவர் நாட்டில் விதிக்கப்பட்ட நிபந்தனைக்குப் பின்புலமாக நின்ற முதன்மைப் பகுதி மத்தேயு 19:3-9 எனக் கொள்ளலாம்.

முதலில் பாடம். கணவனும் மனைவியும் ஒரே உடலாவர் என்னும் தொடக்கநூல் 2:24இன் எபிரேய மூலபாடத்தில் ‘இருவர்’ என்னும் எண்ணுச்சொல் இல்லை. எழுபதின்மர் மொழிபெயர்ப்பு எனப்படும் பழைய கிரேக்கப் பெயர்ப்பில் அச்சொல் உள்ளது. மத்தேயு அதனையே பின்பற்றுகிறது. ஒருதார மணக் கருத்துக்கு வலுவூட்டும் அச்சொல் பாட வரலாற்றில் பெயர்ப்பின் வழியாக நிலைபெற்றது என்பது இதனால் பெறப்படும். நற்செய்தியைப் பொறுத்தவரை அது மூலபாடமே. ஆதலால் அக்கருத்தை வலிந்து புகுத்தியது என ஒதுக்குவதற்கும் இடமில்லை.

அடுத்து அதிகாரம். அப்பகுதி பரிசேயரின் வினாவோடு தொடங்குகிறது. எக்காரணத்துக்காகவும் மனைவியை விலக்கலாமா என்பதே அவ்வினா. இணைச்சட்டம் 24:1இல் வரும் சொல்லுக்கு யூத ஆசிரியரிடையே இரு விளக்கங்கள் நிலவின. சம்மாய் பள்ளியினர் ஒழுக்கக்கேடு ஒன்றையே காரணமாக ஏற்றனர். இல்லேல் பள்ளியினர் சிறு குறைகளையும் ஏற்றனர். இயேசு அவ்வாதத்திற்குள் நின்றுவிடாமல் படைப்பின் தொடக்கத்தைச் சுட்டி, இணைக்கப்பட்டதை மனிதர் பிரிக்கலாகாது என்கிறார். விலக்கும் உரிமை ஆணின் கையிலிருந்த சமூகத்தில் அவ்வுரிமையைச் சுருக்குவதே பகுதியின் நேர்ப்பொருள். மனைவியர் எத்தனை பேர் என்பது அங்கே எழுப்பப்பட்ட வினா அன்று.

ஆயினும் எண்ணிக்கை பற்றிய குறிப்பு அப்பகுதியில் அறவே இல்லை என்பதும் மிகையாகும். 1896-97இல் கெய்ரோவில் கிடைத்து 1910இல் வெளியிடப்பட்ட தமஸ்கு ஆவணம் என்னும் யூத நூல் இதற்கு ஒளி தருகிறது. அதன் துணுக்குகள் பின்னர்க் கும்ரான் குகைகளிலும் கிடைத்தன. அந்நூல் இரு மனைவியரைக் கொள்வதைக் கண்டிக்கையில் ஆணும் பெண்ணுமாகப் படைக்கப்பட்டதைக் கூறும் தொடக்கநூல் 1:27ஐயே சான்று காட்டுகிறது. தலைவன் மனைவியரைப் பெருக்கிக்கொள்ளலாகாது என்னும் இணைச்சட்டம் 17:17இன் விதியையும் உடன்வைக்கிறது. அதே படைப்பு வாசகத்தை இயேசுவும் எடுத்தாள்வதால் ஒருதார மணக் கருத்து அவர் கூற்றில் உட்கிடையாக உள்ளது எனக் கொள்வது பொருந்தும்.

ஆகவே மத்தேயு 19இல் இரு கூறுகள் உள்ளன. ஒன்று, இருவர் ஒன்றாதல் என்னும் இலட்சியம். மற்றொன்று, விலக்காதே என்னும் தடை. ஒரு மனைவியே உள்ள இல்லத்தில் இவை முரண்படுவதில்லை. பல மனைவியரை ஏற்கெனவே மணந்த ஒருவர் புதிதாகச் சமயம் தழுவும்போதுதான் ஒன்றைக் காக்க மற்றொன்றை மீற வேண்டிய நெருக்கடி தோன்றுகிறது. தடியத்தேவரின் இல்லம் அத்தகையது.

வினாவும் விடையும்

இந்நெருக்கடியைத் தீர்க்க ஏனைய பகுதிகளை நாடுவதே உரையாசிரியர் நெறி. விடுதலைப்பயணம் 21:10 மற்றொரு பெண்ணை மணந்தவன் முன்னவளுக்குரிய உணவையும் உடையையும் மணவுரிமையையும் குறைக்கலாகாது என்கிறது. பலதார மணம் நிலவிய சூழலில் வலுவற்ற மனைவியைக் காக்கும் விதி அது. மலாக்கி 2ஆம் அதிகாரம் இளமையில் மணந்த மனைவிக்கு நம்பிக்கைத் துரோகம் செய்வதைக் கண்டிக்கிறது. 1 கொரிந்தியர் 7:12-15 இன்னும் நெருக்கமானது. நம்பிக்கை கொள்ளாத மனைவி உடன்வாழ இசைந்தால் நம்பிக்கை கொண்ட கணவன் அவளை விலக்கலாகாது என்றும், அவளே பிரிந்து சென்றால் தடையில்லை என்றும் பவுல் எழுதுகிறார். சமயம் தழுவுதல் மட்டுமே மனைவியை விலக்கும் காரணமாகாது என்பது இதனால் தெளிவாகும். 1 திமொத்தேயு 3:2இலும் தீத்து 1:6இலும் ஒரே மனைவியை உடையவராதல் சபைத் தலைவர்க்குரிய தகுதிகளுள் ஒன்றாகக் கூறப்படுகிறது.

இங்கு ஒரு மறுப்பு எழும். முதல் திருமணமே செல்லுபடியாகும். பிந்தையோர் சட்டப்படி மனைவியரே அல்லர். ஆதலால் அவர்களை அனுப்பிவிடுதல் மணவிலக்கு ஆகாது. மத்தேயு 19இன் தடை மீறப்படவில்லை என்பது திருச்சபைச் சட்டத்தார் கூறும் விடை. தன் வரையறைக்குள் இவ்விடை முரணற்றது. ஆனால் அவ்வரையறை மத்தேயு பகுதியில் நேரே கூறப்பட்டதன்று. சட்ட மரபிலிருந்து கொணர்ந்து பொருத்தப்பட்டது. பழைய ஏற்பாடு இலேயாவையும் ராகேலையும் யாக்கோபின் மனைவியர் என்றே பேசுகிறது. மறவர் நாட்டு வழக்கும் இளையவளை மனைவி என்றே ஏற்றது. ‘அவள் மனைவியே அல்லள்’ என்னும் கூற்று, அவள் எதற்காக மணந்து அழைத்துவரப்பட்டாள் என்னும் வினாவுக்கு விடையாகாது.

துணிவு: சட்டத்தின் வழி வந்த முடிவு

ஐயுற்றவிடத்துப் பொருளை உறுதிசெய்வது துணிவு. இந்நிகழ்வில் அத்துணிவு அருளானந்தர் தனியே நூலை ஓதி எய்தியதன்று. அமெரிக்கக் கண்டத்துப் புதுக் கிறித்தவரைக் கருதித் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1537இல் ஆணை ஒன்று பிறப்பித்தார். திருமுழுக்குப் பெறுவோர் முதல் மனைவியோடு வாழ வேண்டும் என்றும், முதலாமவள் யார் என்பது நினைவில் இல்லையெனில் ஒருத்தியைத் தெரிந்துகொள்ளலாம் என்றும் அது விதித்தது. 1571இல் ஐந்தாம் பயஸ் உடன் திருமுழுக்குப் பெறும் மனைவியோடு தொடர்ந்து வாழ இசைவளித்தார். அத்தகையோரைப் பிரிப்பது மிகக் கடுமையானது என்பதும், முதலாமவளைக் கண்டறிவது அரிது என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள்.

இவ்விரு ஆணைகளும் இருவகையில் இன்றியமையாதன. மறைப்பணியாளர் ஒருவர் தாம் விரும்பியவாறு முடிவெடுக்கும் உரிமை பெற்றிருக்கவில்லை என்பதை அவை காட்டுகின்றன. ஆதலால் நிகழ்வின் பொறுப்பைத் தனியொருவர்மேல் ஏற்றுவது நேர்மையாகாது. அதே வேளையில், சூழலின் கடுமையைக் கருதிப் பயன்பாட்டைத் தளர்த்தும் வழக்கம் திருச்சபைக்குள்ளேயே இருந்ததையும் அவை மெய்ப்பிக்கின்றன. ஆனால் அத்தளர்வு மனைவியருள் எவள் தங்கலாம் என்பதைக் குறித்தது; வெளியேறுவோர் நிலை அதன் மையமாகவில்லை.

ஒப்புமை என்னும் இடர்

பயன்பாட்டின் மற்றொரு வழி ஒப்புமை. ஏரோது தன் உடன்பிறந்தான் மனைவியைக் கொண்டதைக் கண்டித்த திருமுழுக்கு யோவான் தலை வெட்டுண்ட செய்தி மத்தேயு 14ஆம் அதிகாரத்தில் உள்ளது. அருளானந்தரை யோவானோடு ஒப்பிடுதல் பக்தி மரபில் வழங்கி வருகிறது. பெயரும், திருமணம் பற்றிய கண்டனமும், இறப்பின் முறையும் ஒத்திருப்பதால் அவ்வொப்புமை இயல்பாகவே எழுகிறது.

அவ்வொப்புமையை முழுதும் விரித்தால் இளைய மனைவி ஏரோதியாவின் இடத்தில் நிற்க நேரும். இங்கே அதிகாரம் மீண்டும் துணைக்கு வரும். ஏரோதியா தன் கணவனை விட்டு அவன் உடன்பிறந்தானோடு வாழ்ந்தவள். அவ்வாழ்வு யூதச் சட்டத்துக்கு முரணானது. மறவர் நாட்டுப் பெண்ணோ தன் நாட்டு வழக்கப்படி மணந்தவள். தன் கணவனின் முடிவால் நிலையிழந்தவள். அவள் முறையிட்டது தனக்கு எஞ்சியிருந்த ஒரே ஆதரவான பிறந்த குடியிடம். பழிவாங்கும் பெண் என்னும் வார்ப்பு நூற்பகுதியிலிருந்து பெயர்த்தெடுத்து அவள்மேல் சாத்தப்பட்டதே எனலாம்.

சான்றுகளின் தன்மையும் இவ்வார்ப்புக்குத் துணை செய்கிறது. இந்நிகழ்வை அறிவிப்பன பெரும்பாலும் இயேசு சபைக் கடிதங்களும் அவற்றைத் தழுவிய வரலாறுகளும் ஆகும். இறப்பதற்கு முந்தைய நாள் ஓரியூர்ச் சிறையிலிருந்து பிரான்சிஸ் லெய்னஸ் அடிகளாருக்கு அருளானந்தர் எழுதிய கடிதம் கிடைக்கிறது. விலக்கப்பட்டோரின் சொல் அவ்வாறு கிடைக்கவில்லை. ஆண்டவனுக்காக இறந்தவரின் கடிதத்தைப் படிக்கும் ஆய்வாளர் எழுதப்படாத மற்றோர் முறையீட்டையும் மனத்திற்கொண்டு படித்தல் வேண்டும்.

பயன்: பிற்கால மறுவாசிப்புகள்

விலக்கப்படுவோர் நிலை என்னும் வினா பிற்காலத்தில் பல இடங்களில் மீண்டும் எழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கல்கத்தாவில் கூடிய பல்வேறு சபைகளின் மறைப்பணியாளர் இதனை ஆராய்ந்தனர். கிறித்தவராவதற்கு முன் பலரை மணந்தவர் அவர்களை விலக்க வேண்டியதில்லை. ஆனால் சபைப் பொறுப்பு ஏற்றலாகாது என்னும் முடிவுக்கு வந்தனர். 1 திமொத்தேயு 3:2ஐ அதற்குரிய அதிகாரத்தில் வைத்துப் படித்ததன் விளைவு அது. தகுதி பற்றிய விதியைத் திருமுழுக்குக்கான விதியாக அவர்கள் நீட்டவில்லை.

1866இல் பிரிட்டிஷ் இந்திய அரசு கிறித்தவத்துக்கு மாறியோரின் மணமுறிவு குறித்துச் சட்டம் இயற்றிற்று. மதம் மாறிய காரணத்தால் துணைவரே கைவிட்டால் மாறியவர் நீதிமன்றத்தை நாடலாம் என அது வகை செய்தது. கைவிடுதல் மாறாதவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்னும் அமைப்பு 1 கொரிந்தியர் 7:15இன் போக்கோடு ஒத்துள்ளது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஆங்கிலிக்கப் பேராயர் கொலென்சோ 1855இல் இதே வினாவை எழுப்பினார். சூலு மக்களுள் கிறித்தவராவோரை மனைவியரை விலக்குமாறு வற்புறுத்துவது மணவிலக்கைப் பற்றிய இயேசுவின் சொல்லுக்கே மாறானது என வாதிட்டார். 1888ஆம் ஆண்டு லாம்பெத் மாநாடு அவ்வாதத்தை ஏற்கவில்லை; பல மனைவியரை உடைய ஆடவருக்குத் திருமுழுக்கு மறுக்கப்பட வேண்டும் எனத் தீர்மானித்தது. சரியாக 100 ஆண்டுகளுக்குப் பின், 1988ஆம் ஆண்டு மாநாட்டின் 26ஆம் தீர்மானம் வேறு முடிவெடுத்தது. ஒருதார மணமே கடவுளின் திட்டம் எனக் கூறியவாறே, இனி மணம் புரியாமை, சபையாரின் இசைவு ஆகிய நிபந்தனைகளோடு அத்தகையோரை ஏற்கலாம் என்றது. விலக்கப்படும் மனைவியர் அடையும் சமூக இழப்பைக் கருதி அவர்களை விலக்குமாறு வற்புறுத்தலாகாது எனவும் விதித்தது.

கத்தோலிக்கத் திருச்சபை தன் அடிப்படை நிலையை மாற்றவில்லை. ஆயினும் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1148ஆம் விதி முன்னைய ஆணைகளைத் தொகுத்துக் கூறும்போது புதிய கடமை ஒன்றை வெளிப்படையாகச் சேர்க்கிறது. முதல் மனைவியும் விலக்கப்படும் ஏனையோரும் நீதி, கிறித்தவ அன்பு, இயற்கை ஒப்புரவு ஆகியவற்றுக்கேற்பப் போதிய அளவு பேணப்படுவதை மறைமாவட்ட ஆளுநர் உறுதிசெய்தல் வேண்டும் என்பது அது. இடத்தின் ஒழுக்க, சமூக, பொருளாதார நிலைகளையும் அவர் கருத வேண்டும். விடுதலைப்பயணம் 21:10 பேசும் உணவும் உடையும் மீண்டும் கணக்கில் கொள்ளப்பட்டன எனலாம். ஓரியூர் நிகழ்வுக்கும் இவ்விதிக்கும் இடையே 290 ஆண்டுகள் உள்ளன.

லாம்பெத் தீர்மானமும் கத்தோலிக்க விதியும் ஒன்றுக்கொன்று மாறானவை. ஒன்று விலக்க வற்புறுத்தாதே என்கிறது. மற்றொன்று விலக்கினால் பேணுக என்கிறது. ஆயினும் இரண்டும் பழைய பகுதியைப் படிக்கும்போது விலக்கப்படுவோரையும் கேட்போராகக் கருதுகின்றன. இலட்சியத்தைக் கைவிடாமலே தடையையும் நினைவிற்கொள்ளும் முயற்சி இரண்டிலும் உண்டு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

மத்தேயு 19:3-9 இருவர் ஒன்றாதல் என்னும் இலட்சியத்தையும் விலக்கலாகாது என்னும் தடையையும் ஒருங்கே கொண்டது. 1693இல் மறவர் நாட்டில் முன்னது நடைமுறைக்கு வந்தது. பின்னது சட்ட வரையறை ஒன்றால் ஒதுக்கப்பட்டது.

அருளானந்தரின் முடிவு அவர் காலத் திருச்சபைச் சட்டத்துக்கு இயைந்தது. ஆகவே குறை தனிமனிதருடையது அன்று. துணிவு முன்னரே முடிந்துவிட்ட இடத்தில் வினா எழாமற் போனதே குறை.

யோவான்-ஏரோதியா ஒப்புமை மறைசாட்சியின் பெருமையை விளக்கும் அளவுக்கு, முறையிட்ட மனைவியின் நிலையை மறைக்கவும் செய்கிறது. ஒப்புமையால் செய்யப்படும் பயன்பாடும் அதிகாரம் நோக்கிச் சோதிக்கப்பட வேண்டியதே.

நன்னூல் வகுத்த உரைக் கூறுகள் இலக்கண நூல்களுக்கு மட்டுமன்றி எச்சமய நூலின் பயன்பாட்டையும் ஆராய உதவுவன. பாடமும் அதிகாரமும் தெளிந்து, வினா எழுப்பி, பொருள் துணிந்த பின்னரே பயனை நாடுதல் வேண்டும் என்பது அவற்றால் பெறப்படும் நெறி.

ஓரியூர்ச் செம்மண் ஒருவரின் குருதியை நினைவுகூர்கிறது. அந்நினைவு போற்றத்தக்கது. அதே நிகழ்வில் வீடிழந்த பெண்களுக்கு நினைவிடம் ஏதுமில்லை. ஒரு நூற்பகுதியை வாழ்க்கைக்குப் பொருத்துவோர் அதனால் வாழ்க்கை மாறப்போகும் அனைவரையும் முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதே அவர்கள் வரலாறு உணர்த்தும் பாடமாகும்.